மதுக்கரையில் ஓர் இரவு போதும்

செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று தமிழ்த் திரையுலகில் யாராவது சொன்னால், முதலில் வரும் கேள்வி கிராஃபிக்ஸுக்கு எத்தனை கோடி ஆகும் என்பதுதான். 2010இல் வந்த ‘எந்திரன்’ அந்தக் கேள்வியை ஊன்றியது. 2018இல் வந்த ‘2.0’ அதற்கு உரம் போட்டது. நூறு கோடிக்குக் குறைந்து அறிவியல் புனைகதையைத் தொடக் கூடாது என்ற எண்ணம் அதன் பிறகு ஏறக்குறைய ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. கோவையிலோ ஈரோட்டிலோ நல்ல கதை ஒன்றை வைத்திருக்கும் இளம் இயக்குநர், சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் ஒரு கோடி திரட்ட முடிந்தால், பேய்ப் படத்துக்கோ கொலைப் புலனாய்வுக்கோ போய்விடுகிறார். எந்திரங்களைப் பற்றிய கதை அவருடைய மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தப்பு என்பது என் வாதம். செயற்கை நுண்ணறிவு பற்றிய திகில் படம், பணம் குறையக் குறையத் தன் பொருளை நெருங்குகிறது. அப்படிப்பட்ட படங்களுக்கான கதைகள் தமிழ்நாட்டில் மிக அடர்த்தியாகக் கிடக்கும் நிலம் கொங்கு நாடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் இருக்கிறோம்.

இன்று நம்மைத் தொடும் செயற்கை நுண்ணறிவுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கடன் கேட்டவரின் பெயருக்கு நேரே விழும் மதிப்பெண்ணாக அது இருக்கிறது. வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தை மனிதக் கண் படும் முன்பே ஒதுக்கிவைக்கும் வடிகட்டியாக இருக்கிறது. இறந்துபோனவரின் குரலில் பேசும் ஒலித்துண்டாகவும் இருக்கிறது. அது செய்வதெல்லாம் முடிவெடுப்பது. அந்த முடிவு ஒருவர் தலையில் விழுகிறது. ஏன் விழுந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. திகில் அங்கேதான் இருக்கிறது. அதைக் காட்ட ஓர் அறையும் ஒரு திரையும் அதன் எதிரே உட்கார நல்ல நடிகர் ஒருவரும் போதும். ‘எந்திரன்’ படமே இதற்குச் சாட்சி. தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து சிட்டி என்ற ரோபோ ஆட்களைக் காப்பாற்றும் காட்சியை நினைத்துப் பாருங்கள். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அது அப்படியே தூக்கிவந்து ஊர் பார்க்க, கேமராக்கள் பார்க்க இறக்கிவிடுகிறது. உயிரைக் காப்பாற்று என்ற கட்டளை பிசகில்லாமல் நிறைவேறியது. மானம் என்று ஒன்று உண்டு என்பது அதற்குத் தெரியாது. அவமானம் தாங்காமல் ஓடிய பெண் வாகனத்தில் அடிபட்டு இறந்துபோகிறாள். நாம் சொன்னதைச் செய்யும் எந்திரம் நாம் நினைத்ததைச் செய்யுமா என்று இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி, அந்தச் சில நிமிடங்களில் முழுமையாக வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் திரண்டு சுழலும் உச்சக்காட்சியில் அந்தக் கேள்வி இல்லை. பணம் ஓரிடத்துக்குப் போனது, பொருள் வேறிடத்தில் தங்கிவிட்டது.

உலக சினிமா இதை வெகு காலம் முன்பே கண்டுகொண்டது. ழான்-லுக் கோதார் 1965இல் ‘ஆல்ஃபாவில்’ எடுத்தபோது எதிர்கால நகரத்துக்காகச் செட் போடவில்லை. அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களையும் இரவுச் சாலைகளையும் உள்ளபடியே படம்பிடித்து, இது ஒரு கணினி ஆளும் ஊர் என்றார். அந்தக் கணினியின் குரலாக ஒலித்தவர், குரல்வளையை இழந்து கருவியின் துணையோடு பேசிய ஒரு மனிதர். பணத்தைக் கொட்டி எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில்கூட ஹால் என்ற கணினி வெறும் ஒரு சிவப்புக் கண்ணும் பதற்றமே இல்லாத ஒரு குரலும்தான், ஆனால் அந்தப் படத்தில் நம் நினைவில் மிக ஆழமாகத் தங்கும் பாத்திரம் அதுவே. 2015இல் உலகம் பேசிய ‘எக்ஸ் மெஷினா’ ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலரில் முடிந்தது. ஹாலிவுட் கணக்கில் அது சின்னத் தொகை. ஒரு வீடு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஒரு கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் உட்கார்ந்து நடக்கும் பேச்சு, இவ்வளவுதான் படம். அந்த ரோபோவின் உடலை உருவாக்கிய காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது உண்மை. என்றாலும் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவருவது, எதிரே இருப்பவனின் இரக்கத்தை அது எப்படிக் கருவியாக்குகிறது என்பதுதான். இன்னும் கீழே இறங்கிப் பார்க்கலாம். 2004இல் வந்த ‘பிரைமர்’ ஏழாயிரம் டாலரில் எடுத்த காலப்பயணப் படம். 2013இன் ‘கோஹரன்ஸ்’ ஏறக்குறைய ஐம்பதாயிரம் டாலரில், இயக்குநரின் சொந்த வீட்டில், ஐந்து இரவுகளில் எடுத்தது. அந்தக் கதையைத்தான் 2024இல் ஜீவா நடித்த ‘பிளாக்’ தமிழுக்குக் கொண்டுவந்தது. ‘பிரைமர்’, ‘கோஹரன்ஸ்’ இரண்டும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியவை அல்ல. ஆனால் அறிவியல் புனைகதைக்கு எது அவசியம், எது அலங்காரம் என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் படங்கள் அரிது.

வெளிநாட்டு உதாரணம் நமக்குச் சரிவராது என்பவர்கள் கொங்குப் பகுதியிலிருந்தே வந்தவர்களைப் பார்க்கட்டும். 2016 டிசம்பரில் ‘துருவங்கள் பதினாறு’ வெளியானது. இயக்கியவர் கார்த்திக் நரேன், கோவையில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கதையும் கோவையில் நடப்பதுதான். 2017 மார்ச்சில் ‘மாநகரம்’ வந்தது. அதை இயக்கிய லோகேஷ் கனகராஜ் கிணத்துக்கடவுக்காரர், கோவையில் படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். இரண்டுமே முதல் படங்கள். இரண்டிலும் தகவலை எப்போது தருவது, எப்போது மறைப்பது என்ற கணக்குதான் முதலீடு. திகில் படத்தின் முழு மூலதனமும் அந்தக் கணக்குதான் என்று காட்டியவர்கள் இவர்கள். அறிவியல் புனைகதைக்கு வந்தால் இன்னும் நேரடியான சான்று இருக்கிறது. திருப்பூரிலிருந்து வந்த ஆர். ரவிக்குமார் 2015இல் ‘இன்று நேற்று நாளை’ எடுத்தார். எதிர்காலத்திலிருந்து வந்து விழும் காலஇயந்திரம், வேலைவெட்டி இல்லாத இரண்டு பேர் கையில் கிடைக்கிறது. அவர்கள் அதைக் கொண்டு உலகத்தைக் காப்பாற்றவில்லை. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதிடத் தொழில் நடத்துகிறார்கள். நம் ஊரில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு கையில் கிடைத்தால் அது முதலில் ஒரு பிழைப்பாகத்தான் மாறும் என்ற உண்மை அந்த ஒரே யோசனையில் இருந்தது. அதே இயக்குநரின் அடுத்த படமான ‘அயலான்’ பெரிய பொருட்செலவில், வேற்றுக்கிரகவாசியைக் கணினியில் உருவாக்கித் தீட்டும் பணியோடு, ஆண்டுக்கணக்கில் இழுத்து 2024 பொங்கலுக்கு வந்து சேர்ந்தது. அதில் உழைப்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் முதல் படத்தின் அந்தச் சுறுசுறுப்பும் நம் வாழ்க்கையோடு இருந்த ஒட்டுதலும் எனக்கு இரண்டாவதில் கிடைக்கவில்லை. ஒரே ஆள், ஒரே திறமை, மாறியது பட்ஜெட்.

சரி, கொங்கு நாட்டில் அப்படி என்ன கதை இருக்கிறது? மதுக்கரை வனப்பகுதிக்குப் போவோம். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே காட்டை ஊடுருவிச் செல்லும் ஏ, பி என்ற இரண்டு ரயில் பாதைகள், யானைகள் காலங்காலமாக நடக்கும் தடத்தைக் குறுக்கே வெட்டுகின்றன. 2021 நவம்பர் 26ஆம் தேதி இரவு நவக்கரை அருகே மங்களூரு - சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களை நிறுத்தி, சாதாரணக் கேமராக்களோடு உடல்வெப்பத்தை உணரும் கேமராக்களையும் பொருத்தி, 2024 பிப்ரவரியில் ஒரு செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. யானை பாதையை நெருங்குவதைக் கணினி கண்டுகொண்டால் கட்டுப்பாட்டு அறைக்கும், அங்கிருந்து ரயில்வேக்கும் செய்தி போகிறது. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். அது வந்த பிறகு அந்தப் பகுதியில் ரயில் மோதி யானை இறக்கவில்லை என்று வனத்துறை சொல்கிறது. மனம் நிறையும் செய்தி. ஆனால் ஒரு கதாசிரியர் அந்த அறையை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட எந்த அமைப்பும் இரண்டு விதமாகப் பிழை செய்யும். யானை இல்லாதபோது இருக்கிறது என்று கத்தும். இருக்கும்போது சும்மா இருந்துவிடும். முதல் பிழை கூடினால் ரயில்கள் தாமதமாகும், மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும், ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கைமேல் நம்பிக்கை தேயும். அதைக் குறைக்க அளவுகோலைக் கொஞ்சம் ஏற்றினால் இரண்டாவது பிழை கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்பதை எந்திரம் தீர்மானிப்பதில்லை, ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். இப்போது ஒரு கற்பனைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பெருமழை பெய்யும் ஓர் இரவு, அறையில் இரண்டே பணியாளர்கள், முந்தைய வாரம் யாரோ அந்தக் கோட்டை நகர்த்தியிருக்கிறார்கள், திரையில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த காவலர் ஒருவர் யானையின் வாசம் வருகிறது என்கிறார். ரயில் எட்டிமடையைத் தாண்டிவிட்டது. யாரை நம்புவது? இதற்கு எந்தக் கோடீஸ்வரத் தயாரிப்பாளர் வேண்டும்? யானையைக் காட்டக்கூட வேண்டியதில்லை. வெப்பக் கேமராவில் ஒரு வெள்ளைத் திட்டு நகர்ந்தால் போதும்.

திருப்பூருக்கு வாருங்கள். பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக் என்று துணி கைமாறிக்கொண்டே வந்து, கடைசியில் செக்கிங் மேசையில் பெண்களின் கண்ணுக்கு முன்னால் விரியும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போனது, நிறம் மாறியது, எல்லாவற்றையும் சில நொடிகளில் பிடித்துவிடும் அந்தக் கண் பல ஆண்டுப் பழக்கத்தில் விளைந்தது. துணியின் குறையைக் கேமராவால் கண்டுபிடிக்கும் கருவிகள் இப்போது ஜவுளித் தொழிலில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றுக்கு எது குறை, எது குறையல்ல என்று கற்றுக்கொடுக்க, மனிதர்கள் பிரித்து அடையாளமிட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அதாவது, அந்தப் பெண்ணின் பார்வையைத்தான் கருவி முதலில் வாங்கிக்கொள்கிறது. பிறகு அதே கருவி அவர் தவறவிட்ட துண்டுகளை எண்ணத் தொடங்கலாம். பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவருக்கு அந்த எண்ணிக்கையின் அர்த்தம் என்ன என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷிப்டு கணக்கு, கான்ட்ராக்டர், கப்பலுக்கு ஏற்ற வேண்டிய கடைசித் தேதி, வெளிநாட்டு வாங்குநர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் என்று ஒரு திகில் கதைக்குத் தேவையான அழுத்தம் முழுவதும் அந்த ஒரே கூரையின் கீழே இருக்கிறது. கருவி சொல்லும் எண்ணிக்கை தப்பு என்று செக்கிங் மேசையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தெரிகிறது. சொன்னால் யார் கேட்பார்கள்? ஜார்க்கண்டில் செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களுக்கு அடையாளமிடும் வேலை பார்க்கும் ஆதிவாசிப் பெண்ணைப் பற்றி அரண்ய சகாய் ‘ஹியூமன்ஸ் இன் த லூப்’ என்ற சிறு படத்தை 2024இல் எடுத்தார். அந்த வேலை தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நடக்கிறது. எனக்குத் தெரிந்து தமிழில் அதைப் பற்றி ஒரு படம் வரவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

இந்த வறுமை நம் எழுத்தில் தொடங்கியதல்ல. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடனில் 1980களில் தொடராக எழுதினார், பிறகு தூர்தர்ஷன் தொடராகவும் அது வந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது ஜீனோ என்ற நாய் எந்திரம். ஆனால் 2021ஆம் ஆண்டில் நடக்கும் அந்தக் கதையின் உண்மையான திகில் ஜீவா என்ற ஆட்சியாளர். மக்கள் பார்த்துப் பணியும் அந்தத் தலைவர் ஒரு பிம்பம் மட்டுமே. பின்னாலிருந்து சிலர் அதை இயக்குகிறார்கள். 2018இல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் செயற்கை நுண்ணறிவுப் பிம்பமாகத் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதமே மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஒரு புதிய பேச்சை அ.தி.மு.க. வெளியிட்டது. சுஜாதா கற்பனைசெய்த ஆண்டுக்கு மூன்றே ஆண்டு தள்ளி, தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளின் மேடைகளிலும் அது நடந்தேறிவிட்டது. தமிழ் சினிமா சுஜாதாவிடமிருந்து ரோபோவை வாங்கிக்கொண்டது, பிம்பத்தை விட்டுவிட்டது. ஓர் ஊராட்சித் தேர்தலில் செத்துப்போன தலைவரின் குரலில் வீட்டுக்கு வீடு தொலைபேசி அழைப்பு போகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு படத்தை அவிநாசியிலோ காங்கேயத்திலோ எடுத்தால், அதற்கு ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் செலவுதான் ஆகும்.

எதிர்த்துச் சொல்ல வருபவர்களின் முதல் வாதம் வசூல். பிரமாண்டம் இல்லாமல் தியேட்டருக்குக் கூட்டம் வராது. ‘மாயவன்’ போன்ற முயற்சிகள் பட்ட பாடு தெரியாதா என்பார்கள். சி.வி. குமார் 2017இல் இயக்கிய அந்தப் படம், ஒரு மனிதனின் மனத்தை இன்னொரு உடலுக்கு மாற்றும் ஆராய்ச்சியைக் காவல்துறை விசாரணையாகச் சொன்னது. நல்ல யோசனை, அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறு படத்துக்குக் காட்சி நேரம் கிடைப்பதே போராட்டமாக இருக்கிறது, ஓடிடி நிறுவனங்களும் முன்போலக் கைநீட்டி வாங்குவதில்லை. ஆனால் அந்தச் சிக்கல் எல்லாச் சிறு படத்துக்கும் பொது. அதைக் காரணம் காட்டிக் காதல் படத்தையோ பேய்ப் படத்தையோ யாரும் நிறுத்திவிடவில்லை. சிறு முதலீட்டில் போட்டதை மீட்க வாய்ப்புள்ள வகை திகில்தான் என்பதை மேலே சொன்ன கோவை இயக்குநர்களே காட்டிவிட்டார்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரமாண்டத்தில் தெலுங்கோடும் இந்தியோடும் போட்டி போட்டால் நம் கை தாழ்ந்துதான் போகும். கேரளத்தில் 2019இல் ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’ எடுத்தவர்கள் ரோபோ உடைக்குள் உயரம் குறைந்த நடிகர் ஒருவரை நடக்கவிட்டே சமாளித்தார்கள். மகன் வெளிநாட்டில், தந்தை ஊரில் தனியே, நடுவில் ஒரு எந்திரம் என்ற உறவுச் சிக்கல் அழுத்தமாக இருந்ததால் உடை யாருக்கும் உறுத்தவில்லை. அதைக் ‘கூகுள் குட்டப்பா’ என்று தமிழில் மறுபடி எடுத்தோம். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூருவிலும் இருக்க, தோட்டத்து வீட்டில் தனியே வாழும் பெரியவர்கள் கொங்குக் கிராமங்களில் எத்தனை பேர்! அந்தக் கதை நமக்குக் கேரளத்துப் பையன்னூரிலிருந்து வர வேண்டியிருந்தது என்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

இரண்டாவது வாதம் கனமானது. வேலை போய்விடும் என்ற பயம் ஏற்கெனவே பரவியிருக்கும் நேரத்தில் திகில் படம் எடுத்து அந்தப் பயத்தை விசிறிவிடலாமா? தொழில்நுட்பத்தால் வளர்ந்த மண் இது, ஜி.டி. நாயுடுவைப் பெற்ற ஊர் கோவை. பம்பு செட்டும் மில்லும் ஃபவுண்டரியும் இல்லாவிட்டால் கொங்கின் இன்றைய வாழ்வு இல்லை. எந்திரத்தைப் பூச்சாண்டியாகக் காட்டுவது இந்த மண்ணுக்கே துரோகம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பூச்சாண்டியை உருவாக்கியவை பெரும் பட்ஜெட் படங்களே. சிவந்த கண்ணோடு உலகை அழிக்கக் கிளம்பும் ரோபோ, பார்வையாளரின் பயத்தைத் தப்பான முகவரிக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், தன் கடன் விண்ணப்பம் ஏன் தள்ளுபடியானது என்று வங்கியில் கேட்க வேண்டும் என்று நினைக்க மாட்டார். நான் கேட்கும் சிறு படம், பயத்தைச் சரியான மேசைக்குக் கொண்டுபோகும். மதுக்கரை அமைப்பு யானைகளைக் காக்கிறது, அது நல்ல எந்திரம். அதைப் பற்றிய திகில் படமும் அதை நல்ல எந்திரமாகவே காட்டலாம். அளவுகோலை நகர்த்தியவர் யார், அவரை நகர்த்தச் சொன்ன அழுத்தம் எது என்று கேட்டால் போதும். லேத் பட்டறையில் வேலை செய்தவருக்கு எந்திரத்தின்மேல் பக்தியும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. எங்கே தேயும், எங்கே கை சிக்கும் என்ற அறிவு உண்டு. அந்த அறிவு திரைக்கதையில் வர வேண்டும்.

மூன்றாவது வாதம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே இப்போது காட்சிகளை வரைந்து தருகின்றன; பத்து லட்சத்தில் ‘எந்திரன்’ எடுத்துவிடலாம்; பிறகு சின்னப் படம் ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? இந்தச் சபலம் ஆபத்தானது. வானத்தில் நூறு ரோபோக்கள் இலவசமாகக் கிடைத்தால், அறைக்குள் இரண்டு பேர் பேசும் காட்சியை எழுதுவதற்கு யாரும் இரவு கண்விழிக்க மாட்டார்கள். பணக்குறைவு எழுத்தாளருக்குக் கொடுத்திருந்த ஒழுங்கு போய்விடும். அதைவிட முக்கியமானது, இந்த வகைப் படத்துக்கு ஒரு நேர்மை தேவை. மனிதரின் உழைப்பையும் குரலையும் எந்திரம் கேட்காமல் எடுத்துக்கொள்வதைக் கண்டிக்கும் படம், ஒரு டப்பிங் கலைஞரின் குரலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால் அதன் சொல்லுக்கு என்ன மதிப்பு? 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். இறந்துபோகும் நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகன் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தும் அது நடந்தது. மறுபக்கம், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி ‘லால் சலாம்’ பாடலில் பயன்படுத்தியபோது ஏ.ஆர். ரஹ்மான் குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாகத் தெரிவித்தார். கருவி ஒன்றுதான், நடந்துகொண்ட முறை வேறு. இந்த வேறுபாடே ஒரு முழுப் படத்துக்கான கதை.

கோவையில் படம் எடுப்பது புது ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய ஊர் இது. சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் எம்.ஜி.ஆர். நாயகனான ‘ராஜகுமாரி’ 1947இல் உருவானது. நாமக்கல் கவிஞரின் நாவலை எடுத்துப் பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் ‘மலைக்கள்ளன்’ ஆக்கினார், அந்தக் கதை ஆறு மொழிகளில் போனது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கண்டிப்பான திட்டமும் கட்டான செலவுமாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. 1952இல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ‘காடு’ எடுத்ததும் அந்த நிறுவனம்தான். அழிந்துபோன மாமத யானைகள் காட்டுக்குள் உயிரோடு திரிவதாகச் சொல்லும் அந்தப் படத்தை இந்தியாவின் தொடக்ககால அறிவியல் புனைகதைப் படங்களில் ஒன்றாக எண்ணுகிறார்கள். சென்னைக்கு வெளியே, உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர்த் தொழில்முறை ஒழுங்கோடு படம் எடுத்த மரபு இது. அந்த ஸ்டுடியோக்கள் போய்விட்டன. அவை நடந்த முறையை மறுபடி நடத்த ஸ்டுடியோ தேவையில்லை. இரண்டு கேமரா, ஒரு வாடகை வீடு, நாடகப் பயிற்சி உள்ள பத்து நடிகர்கள், உள்ளூர் ஒலிப்பதிவாளர் ஒருவர் இருந்தால் ஆரம்பிக்கலாம். கோவைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படித்து ஆண்டுதோறும் வெளிவருபவர்களும் கணினி அறிவியல் படித்து வெளிவருபவர்களும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள். ஒரு பருவத்துக்கு இவர்களைச் சேர்த்து ஒரு திரைக்கதை எழுதவைக்க எந்தத் துறைத் தலைவருக்கும் அதிகாரம் உண்டு.

பேச்சுவழக்கைப் பற்றி ஒரு சொல். கொங்குத் தமிழைத் திரையில் நகைச்சுவைக்கும் பண்ணையார் மிடுக்குக்கும் மட்டுமே செலவழித்திருக்கிறோம். குரலைப் புரிந்துகொள்ளும் கருவிகள் பெரும்பாலும் செய்தித் தமிழுக்குப் பழகியவை. சோமனூரில் தறி ஓடும் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெரியவர் பேசுவதை அவை தப்பாக எழுதிக்கொள்ளும். அந்தத் தப்பு மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ ஓர் ஆவணமாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நல்ல எழுத்தாளர் யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கதைகளைச் சென்னை உதவி இயக்குநர் ஒருவர் இணையத்தில் படித்துவிட்டு எழுதினால் பொய்யாகத்தான் வரும். செக்கிங் மேசையின் வெளிச்சம் எப்படி இருக்கும், இரவுப் பணியில் கட்டுப்பாட்டு அறைக்கு டீ எத்தனை மணிக்கு வரும், எச்சரிக்கை அடித்தவுடன் முதலில் கை எந்தப் பொத்தானுக்குப் போகும் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கே தெரியும். அதற்குக் கதவுகள் திறக்க வேண்டும். திரைக்கதை எழுதும் ஒருவர் ஒரு வாரம் மதுக்கரை கட்டுப்பாட்டு அறையில் உட்கார வனத்துறை அனுமதி கொடுத்தால் அரசுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பள்ளி மாணவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதுபோல அதையும் ஒரு பொதுப்பணியாகக் கருதலாம். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வாங்குநர்கள் அனுப்பும் தணிக்கையாளர்களுக்குத் தங்கள் கம்பெனியின் ஒவ்வொரு மூலையையும் திறந்து காட்டிப் பழகியவர்கள். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் வந்து ஒரு நாற்காலி கேட்டால், அதே செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக் கொடுங்கள்.